எண்ணின் இயல்பு கண்டவர்

நுழையும்முன்

எழுத்தறிவையும் எண்ணறிவையும் ஒருங்கே போற்றியது தமிழ் மரபு. கணித மேதை இராமானுசனை உலகம் அறியும். அவர் மறைந்த பத்தாண்டுகளுக்குள் அதே எண் கோட்பாட்டுத் துறையில், நெல்லை மண்ணிலிருந்து மற்றோர் அறிஞர் எழுந்தார். பெற்றோரை இழந்தும் கல்வியை இழக்காதவர். நூற்றறுபது ஆண்டுகளாக நின்ற ஒரு வினாவிற்கு விடை கண்டவர். முழு எண்களின் இயல்பை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அப்பெருமகனாரின் வரலாறு இப்பாடம்.

மணலும் எண்ணும்

நெல்லைச் சீமையின் தென்கிழக்கில் உள்ள ஊர் சாத்தான்குளம். அவ்வூரையடுத்துச் செம்மணல் தேரி பரந்து கிடக்கிறது. பனைகள் ஓங்கி நிற்கும் அந்நிலத்தில் காற்றடிக்கும் காலத்தில் மணல் இடம்பெயர்ந்து மேடாகும். பின்னர் மேடு கரைந்து பள்ளமாகும். அத்தேரியின் மணலை எண்ணிவிட முடியுமா? முடியாது என்பதே முதலில் தோன்றும் விடை. ஆயினும் எண்ணுவதற்கு அரியது என்பது வேறு. எண்ணுக்கு அடங்காதது என்பது வேறு. அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் அம்மணலின் எண்ணிக்கையை ஓர் எண்ணால் குறித்துவிடலாம் என்று பண்டைக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு காட்டினார். நம் தொல்காப்பியர் பேரெண்களின் பெயர்களுக்கும் புணர்ச்சி விதி வகுத்தார். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன அத்தகைய பேரெண்களின் பெயர்கள் என்பர் உரையாசிரியர்.

ஓர் எண் எவ்வளவு பெரியது என்று அறிவது எண்ணறிவின் முதற்படி. அவ்வெண்ணின் இயல்பு யாது என்று ஆராய்வது அடுத்த படி. அது பகா எண்ணா, பகு எண்ணா? வர்க்கமா, கனமா? எந்த எண்களின் கூட்டலாக அதனை எழுதலாம்? இவ்வாறு வினவி, எண்களைப் பண்பு நோக்கி வகைப்படுத்தும் துறையே எண் கோட்பாடு. அத்துறையில் உலகப் புகழ் எய்தியவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. சாத்தான்குளம் அன்று அடங்கியிருந்த அதே திருநெல்வேலி மாவட்டத்தின் மறுகோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிறந்தவர் அவர்.

பிறப்பும் இளமையும்

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு, கிழக்கு நோக்கி ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. குற்றாலத்திற்கும் செங்கோட்டைக்கும் அருகில் அமைந்த சிற்றூர் வல்லம். அவ்வூரில் சுப்பையா பிள்ளை, கோமதி அம்மாள் இணையருக்கு 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சிவசங்கரநாராயணன் மகனாகப் பிறந்தார்.

பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் அன்னையை இழந்தார். தந்தையும் உறவினரான மூதாட்டி ஒருவரும் குழந்தையை வளர்த்தனர். வல்லத்தில் தொடக்கக் கல்வி பெற்ற அவர், பின்னர்ச் செங்கோட்டைப் பள்ளியில் சேர்ந்தார். அந்நாளில் வல்லம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அருகிலிருந்த செங்கோட்டையோ திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. ஆட்சி எல்லை இடையே இருந்தபோதும், கல்வி நாடிச் சென்ற சிறுவனுக்கு அது தடையாகவில்லை.

செங்கோட்டைப் பள்ளியில் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் இருந்தார். சிவசங்கரநாராயணனின் கூர்த்த மதியை முதலில் கண்டுணர்ந்தவர் அவரே. பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டில் தந்தையும் மறைந்தார். தாயும் தந்தையும் இல்லாத, பொருள்வளமும் இல்லாத மாணவனின் கல்வி அத்துடன் முடிந்திருக்க வேண்டும். சாஸ்திரியார் அதனை முடியவிடவில்லை. தாமே பொருளுதவி செய்து அம்மாணவனைத் தொடர்ந்து படிக்க வைத்தார். உலகம் பின்னாளில் போற்றிய கணித அறிஞரின் வரலாற்றில், ஓர் ஊரகப் பள்ளி ஆசிரியரின் ஈகை அடித்தளமாய் அமைந்தது.

உயர்கல்வியும் ஆய்வும்

உதவித்தொகை பெற்று நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தார் பிள்ளை. திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். 1927ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை அவருக்குக் கிட்டியது.

சென்னையில் அவருக்கு வாய்த்த வழிகாட்டி பேராசிரியர் கே. ஆனந்த ராவ். ஆனந்த ராவ் இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுசனின் ஆற்றலை உலகறியச் செய்தவரும் அந்த ஹார்டியே. எண் கோட்பாட்டின் புதிய முறைகள் ஆனந்த ராவ் வழியாகச் சென்னையை அடைந்திருந்தன. பேராசிரியர் வைத்தியநாதசுவாமியின் துணையும் பிள்ளைக்கு இருந்தது.

1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிள்ளை அங்கு விரிவுரையாளராகப் பொறுப்பேற்றார். 1941 வரை அங்குப் பணியாற்றிய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே அவருடைய ஆய்வு வாழ்வின் பொற்காலம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டமும் அவருடைய ஆய்வுகளுக்காக வழங்கப்பட்டது.

வாரிங்கின் வினா

பிள்ளைக்கு அழியாப் புகழைத் தந்த ஆய்வு, வாரிங்கின் வினா என்று வழங்கும் ஒன்றைப் பற்றியது. 1770ஆம் ஆண்டில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் எட்வர்டு வாரிங் தம் நூலொன்றில் ஒரு செய்தியை எழுதினார். மிகை முழு எண் எதுவாயினும், அதனை நான்கு வர்க்கங்களுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம். ஒன்பது கனங்களுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம். பத்தொன்பது நான்காம் அடுக்குகளுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம். மேலுள்ள அடுக்குகளுக்கும் இவ்வாறே ஓர் அளவு உண்டு என்பதே அச்செய்தி. அவர் நிரூபணம் எதுவும் தரவில்லை.

இதனைச் சிறிய எண்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 7 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதனை 4 + 1 + 1 + 1 என நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். நான்கிற்குக் குறைந்தால் இயலாது. 23 என்ற எண்ணைக் கனங்களின் கூட்டலாக எழுத முயல்வோம். அதற்குப் பயன்படக் கூடிய கனங்கள் 1, 8 ஆகிய இரண்டு மட்டுமே. அடுத்த கனமாகிய 27, இருபத்து மூன்றை விடப் பெரியது. இரண்டு எட்டுகள் 16. எஞ்சிய ஏழுக்கு ஏழு ஒன்றுகள். ஆக ஒன்பது கனங்கள் தேவை. ஒன்பது கனங்கள் தேவைப்படும் எண்கள் 23, 239 ஆகிய இரண்டே. மற்ற எண்கள் எவ்வளவு பெரியனவாயினும் எட்டுக் கனங்களுக்குள் அடங்கிவிடும்.

வாரிங் எழுதிய அதே ஆண்டில், வர்க்கங்களுக்கான கூற்றைப் பிரெஞ்சு அறிஞர் லக்ராஞ்சு நிரூபித்தார். கனங்களுக்கான கூற்றை 1909ஆம் ஆண்டில் வீஃபெரிக் நிரூபித்தார். அந்நிரூபணத்தில் இருந்த ஒரு குறையை 1912ஆம் ஆண்டில் கெம்ப்னர் நீக்கினார். எந்த அடுக்காயினும் அதற்கொரு வரம்பு உண்டு என்பதனைச் செருமானிய அறிஞர் ஹில்பர்ட்டு 1909ஆம் ஆண்டில் நிறுவினார். வரம்பு உண்டு என்பது உறுதியாயிற்று. அவ்வரம்பு எவ்வளவு என்பது மட்டும் தெரியவில்லை.

விதி கண்ட வியத்தகு திறம்

சிதம்பரத்தில் இருந்த பிள்ளை, அந்த வரம்பைத் தரும் விதியை ஆராய்ந்தார். விதி வடிவில் எளியது. இரண்டின் அடுக்கு மதிப்பை எழுதுக. மூன்றின் அதே அடுக்கு மதிப்பை அதனால் வகுத்து, ஈவின் முழு எண் பகுதியை அதனுடன் கூட்டுக. கிடைத்த தொகையிலிருந்து இரண்டைக் கழிக்க. கனத்திற்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். இரண்டின் கனம் 8. மூன்றின் கனமாகிய 27ஐ எட்டால் வகுத்தால் ஈவு 3. எட்டும் மூன்றும் பதினொன்று. இரண்டு போக ஒன்பது.

இவ்விதி தரும் அளவைவிடக் குறைவாக இருக்க இயலாது என்பதைக் காட்டுவது எளிது. அதற்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்பதைக் காட்டுவதே அரிது. ஏனெனில் அக்கூற்று எல்லா எண்களையும் பற்றியது. கோடி எண்களைச் சோதித்தாலும் கோடியே ஓராவது எண் மாறுபடலாம். மிகப் பெரிய எண்களுக்கு ஹார்டி, லிட்டில்வுட்டு, உருசிய அறிஞர் வினோகிராதவ் ஆகியோர் வளர்த்த பகுப்பாய்வு முறைகள் உதவும். சிறிய எண்களுக்கு நேர்க் கணக்கீடு உதவும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பெருவெளியைக் கடப்பதற்குத்தான் ஆய்வாளரின் நுண்ணறிவு தேவைப்பட்டது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் அப்பணி எத்துணைக் கடுமையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் அடுக்கு முதலாக மேலுள்ள அடுக்குகளுக்கு, வகுத்தலில் எஞ்சும் மீதியைப் பற்றிய ஒரு நிபந்தனை நிறைவேறும் போதெல்லாம் இவ்விதி பொருந்தும் என்று பிள்ளை நிறுவினார். அவருடைய கட்டுரைகள் 1936ஆம் ஆண்டை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளிவந்தன. அதே காலத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருந்த பேராசிரியர் டிக்சனும் இதே முடிவை எட்டியிருந்தார். இருவரும் தனித்தனியே உழைத்தவர்கள். டிக்சன் துறையில் மூத்தவர். உலகெங்கும் சென்ற ஆய்விதழ்களில் எழுதியவர். பிள்ளையோ அப்போதுதான் தோன்றிய ஒரு பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளர். உழைத்த இடம் சிறிதாயினும் கண்ட உண்மை சிறிதாகவில்லை. இன்று இம்முடிவைக் கூறும் நூல்கள் இருவர் பெயரையும் இணைத்தே கூறுகின்றன.

எழுபத்து மூன்று

ஏழும் அதற்கு மேலும் உள்ள அடுக்குகள் முடிந்தன. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றும் எஞ்சின. அடுக்கு சிறிதானால் வினா எளிதாகும் என்று தோன்றும். இங்கு நிலைமை நேர்மாறானது. பெரிய அடுக்குகளுக்குப் பயன்பட்ட முறைகள் சிறிய அடுக்குகளில் வலுவிழந்தன.

1940ஆம் ஆண்டில் பிள்ளை ஆறாம் அடுக்கின் வினாவிற்கு முழு விடை கண்டார். மிகை முழு எண் எதுவாயினும் அதனை எழுபத்து மூன்று ஆறாம் அடுக்குகளுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம் என்று நிறுவினார். விதியின்படி, இரண்டின் ஆறாம் அடுக்கு 64; மூன்றின் ஆறாம் அடுக்கு 729; 729ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 11; 64 + 11 − 2 = 73.

எழுபத்து மூன்றிற்குக் குறைந்தால் போதாது என்பதற்கு 703 என்ற எண்ணே சான்று. அது 729ஐ விடச் சிறியது. எனவே 1, 64 ஆகிய ஆறாம் அடுக்குகளை மட்டுமே பயன்படுத்த இயலும். பதினோர் அறுபத்து நான்குகள் 704, ஒன்று மிகுந்துவிடுகிறது. ஆகவே பத்து அறுபத்து நான்குகளையே கொள்ள வேண்டும். அவை 640 ஆகும். எஞ்சிய 63க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள் தேவை. பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று.

இத்துணைப் பெரிய அளவு 703 போன்ற ஓர் எண்ணுக்குத் தேவைப்படலாம். ஆனால் தேரி மணலின் எண்ணிக்கையைப் போன்ற பேரெண்ணுக்கும் அதற்கு மேல் தேவைப்படாது. எண்ணின் அளவு வளர்ந்தாலும் அதன் இயல்பு ஓர் ஒழுங்கிற்குள் நிற்கிறது என்பதைப் பிள்ளையின் நிரூபணம் காட்டியது.

தெரிந்து தெளிவோம்

வாரிங்கின் வினாவும் விடை கண்டோரும்
• வர்க்கம் – 4 – லக்ராஞ்சு (1770)
• கனம் – 9 – வீஃபெரிக் (1909), கெம்ப்னர் (1912)
• நான்காம் அடுக்கு – 19 – பாலசுப்பிரமணியன், தெசூயே, திரெசு (1986)
• ஐந்தாம் அடுக்கு – 37 – சென் சிங்குருன் (1964)
• ஆறாம் அடுக்கு – 73 – பிள்ளை (1940)

பிள்ளைப் பகா எண்கள்

ஒன்று முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா எண்களையும் பெருக்கி வருவது காரணீயப் பெருக்கம் ஆகும். அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் எண்களின் பகாக் காரணிகளைப் பற்றிப் பிள்ளை ஒரு வினா எழுப்பினார். அக்காரணி ஒவ்வொன்றையும், பெருக்கத்தின் இறுதி எண்ணால் வகுத்தால் எப்போதும் ஒன்றுதான் மீதியாகுமா என்பதே அவ்வினா.

முதலில் சில எண்களைப் பார்ப்போம். மூன்று வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 7. ஏழை மூன்றால் வகுத்தால் மீதி 1. நான்கு வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 25. அதன் பகாக் காரணி 5; நான்கால் வகுத்தால் மீதி 1. ஐந்து வரை பெருக்கினால் 121 கிடைக்கும். அதன் பகாக் காரணி 11. ஐந்தால் வகுத்தால் மீதி 1. ஆறில் 721, அதன் காரணிகள் 7, 103, ஆறால் வகுத்தால் இரண்டிற்கும் மீதி 1. ஏழில் 5,041, அதன் பகாக் காரணி 71, மீண்டும் மீதி 1. இவ்வொழுங்கு என்றும் மாறாது என்றே எவருக்கும் தோன்றும். எட்டில் அது முறிகிறது. எட்டு வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 40,321. அது 61, 661 ஆகியவற்றின் பெருக்கம். 61ஐ எட்டால் வகுத்தால் மீதி 5.

பிள்ளையின் வினாவிற்கு அவருடைய சமகால எண் கோட்பாட்டறிஞர் சர்வதமன் சௌலா எதிர்ச்சான்று காட்டினார். அவர் காட்டிய எண்களுள் ஒன்று, பதினான்கு வரை பெருக்கி ஒன்று கூட்டியது. அதன் மதிப்பு 8717,82,91,201. எண்ணாயிரத்து எழுநூற்றுப் பதினேழு கோடியே எண்பத்திரண்டு இலட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து இருநூற்று ஒன்று என்பது அதன் பெயர். இப்பேரெண்ணின் இயல்பை ஆராய்வோம்.

இரண்டு முதல் பதினான்கு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே அவ்வெண்களுள் எதுவும் இதன் காரணியன்று. அடுத்த பகா எண்களாகிய பதினேழும் பத்தொன்பதும் இதனை மீதியின்றி வகுக்கா. இருபத்து மூன்று வகுக்கிறது, ஈவு 379,03,60,487. எனவே இது பகு எண். இந்த ஈவை மீண்டும் இருபத்து மூன்றால் வகுத்தால் ஒன்று எஞ்சுகிறது. ஆகவே இருபத்து மூன்று இதில் ஒரு முறைதான் காரணியாக உள்ளது. அதனால் இது வர்க்கமும் ஆகாது, கனமும் ஆகாது, வேறெந்த அடுக்கும் ஆகாது. நான்கால் வகுத்தால் மூன்று எஞ்சும் பகா எண் ஒருமுறை மட்டும் காரணியாக வருவதால், இதனை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத இயலாது. ஆயினும் நான்கு வர்க்கங்களுக்குள்ளும், ஒன்பது கனங்களுக்குள்ளும், எழுபத்து மூன்று ஆறாம் அடுக்குகளுக்குள்ளும் இது அடங்கும். கூட்டிப் பாராமலே இதனை உறுதியாகச் சொல்ல முடிகிறது. நிரூபணத்தின் ஆற்றல் அத்தகையது.

இருபத்து மூன்றைப் பதினான்கால் வகுத்தால் மீதி 9; ஒன்று அன்று. இவ்வாறு ஒழுங்கிலிருந்து விலகும் பகா எண்களைப் பிள்ளைப் பகா எண்கள் என்று கணித உலகம் பெயரிட்டது. அவ்வகையில் முதலாவது எண் 23. தொடர்ந்து வருவன 29, 59, 61, 67 முதலியன. அவற்றிற்கு முடிவில்லை என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. எழுப்பிய வினாவிற்கு இல்லை என்ற விடை கிடைத்தபோதும், அவ்வினா வீணாகவில்லை. அது எண்களுள் ஒரு புதிய வகையைத் தந்தது. வினவியவரின் பெயரையும் அவ்வகைக்குச் சூட்டியது.

அடுத்தடுத்த எண்களின் உறவு

ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் சார்பகா எண்கள் எனப்படும். அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஏனைய எல்லாவற்றோடும் சார்பகாவாக நிற்கும் ஓர் எண்ணாவது இருக்குமா? பதினாறு எண்கள் வரை எடுத்தால் அத்தகைய ஓர் எண் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிறுவினார். பதினேழு எண்களில் இவ்வுறுதி இல்லை.

2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்கள் இதற்குச் சான்று. இவற்றுள் இரட்டை எண்கள் ஒன்றோடொன்று இரண்டைப் பொதுக் காரணியாகக் கொண்டுள்ளன. ஒற்றை எண்களும் தப்பவில்லை. 2189, பதினொன்றின் மடங்கு, 2200உம் அவ்வாறே. 2197, பதின்மூன்றின் கனம். 2184உம் பதின்மூன்றின் மடங்கு. 2191உம் 2184உம் ஏழின் மடங்குகள். எஞ்சிய ஒற்றை எண்கள் மூன்று அல்லது ஐந்தின் வழியாகப் பிறவற்றோடு தொடர்புடையன. இப்பதினேழு எண்களுள் தனித்து நிற்பது ஒன்றுமில்லை. இந்த ஆய்வின் துணைகொண்டு, அடுத்தடுத்த எண்களைப் பதினாறு வரை பெருக்கினால் வரும் பெருக்கம் ஒருபோதும் முழு அடுக்கு எண்ணாகாது என்றும் பிள்ளை காட்டினார்.

விடை காணா வினா

1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 எனச் செல்பவை முழு அடுக்கு எண்கள். வர்க்கம், கனம், அவற்றிற்கு மேற்பட்ட அடுக்குகள் ஆகிய யாவும் இவ்வரிசையில் அடங்கும். இவற்றிற்கு இடைப்பட்ட இடைவெளிகள் ஒழுங்கின்றிக் காணப்படும். 8க்கும் 9க்கும் இடைவெளி 1. 25க்கும் 27க்கும் 2. 32க்கும் 36க்கும் 4.

ஓர் இடைவெளியைக் குறிப்பிட்டால், அது இவ்வரிசையில் எல்லையற்ற முறை வருமா? எந்த இடைவெளியாயினும் குறிப்பிட்ட சில முறைகளே வரும் என்பது பிள்ளையின் கணிப்பு. எண்கள் வளர வளர முழு அடுக்கு எண்கள் ஒன்றைவிட்டு ஒன்று மேலும் மேலும் விலகிச் செல்லும் என்பது அதன் பொருள். ஒன்று என்னும் இடைவெளியை மட்டும் பற்றி 1844ஆம் ஆண்டில் கத்தலான் ஒரு கூற்றை முன்வைத்தார். ஒன்றைவிடப் பெரிய முழு அடுக்கு எண்களுள் 8, 9 ஆகிய இரண்டே அவ்வாறு அடுத்தடுத்து நிற்பவை என்றது அக்கூற்று. அதனை உருமேனிய அறிஞர் மிகைலெஸ்கு 2002ஆம் ஆண்டில் நிரூபித்தார். இரண்டு முதலிய ஏனைய இடைவெளிகளுக்குப் பிள்ளையின் கணிப்பு இன்றளவும் நிரூபிக்கப்படவில்லை; மறுக்கப்படவும் இல்லை. உலகின் சிறந்த கணித அறிஞர்கள் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர்.

இறுதிப் பயணம்

1941ஆம் ஆண்டில் பிள்ளை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். மறு ஆண்டில் பேராசிரியர் லெவியின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். செருமனியில் நாட்சிகளின் கொடுமையால் இடம்பெயர்ந்து இந்தியா வந்த அறிஞர் லெவி.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் பயிலாமல், தென்னாட்டுக் கல்லூரிகளிலேயே கற்று உயர்ந்தவர் பிள்ளை. அவருடைய பணியை உணர்ந்த அமெரிக்காவின் பிரின்சுடன் உயராய்வு நிறுவனம், ஓராண்டு தங்கி ஆய்வு செய்யுமாறு அவரை அழைத்தது. ஐன்சுடைன் போன்றோர் உறைந்த அறிவுக்கூடம் அது. அவ்வாண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுக் கணித மாநாடும் கூடவிருந்தது. அதிலும் கலந்துகொள்ளும் நோக்குடன் 1950ஆம் ஆண்டு ஆகத்து இறுதியில் பிள்ளை வானூர்தியில் புறப்பட்டார்.

ஆகத்து 30ஆம் நாள் மாநாடு தொடங்கியது. மறுநாள், கெய்ரோவிலிருந்து கிளம்பிய அவ்வானூர்தி எகிப்தியப் பாலைநிலத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த ஐம்பத்தைந்து பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவராகப் பிள்ளையும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49. அன்னையின் மடியையும் தந்தையின் நிழலையும் இளமையிலேயே இழந்து, ஓர் ஆசிரியரின் துணையால் எழுந்த வாழ்வு, உலக அவையை எட்டும் வேளையில் முடிந்தது.

நிலைத்த புகழ்

பிள்ளை விட்டுச் சென்ற பணிகள் தொடர்ந்தன. வாரிங்கின் வினாவில் எஞ்சியிருந்த ஐந்தாம் அடுக்கிற்குச் சீன அறிஞர் சென் சிங்குருன் 1964ஆம் ஆண்டில் விடை கண்டார். இறுதியாக எஞ்சிய நான்காம் அடுக்கின் வினாவை, பிரெஞ்சு அறிஞர் இருவருடன் சேர்ந்து 1986ஆம் ஆண்டில் தீர்த்தவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய ஆர். பாலசுப்பிரமணியன். பிள்ளையின் விதிக்கு உரிய நிபந்தனை, 47 கோடியே 16 இலட்சம் அடுக்குகள் வரை நிறைவேறுவதாகக் கணிப்பொறிவழி கண்டறியப்பட்டுள்ளது. ஆயினும் எல்லா அடுக்குகளுக்கும் அது நிறைவேறும் என்பதற்கு நிரூபணம் இன்னும் இல்லை. எட்டில் முறிந்த ஒழுங்கை அறிந்தவர்கள், நாற்பத்தேழு கோடியையும் போதிய சான்றாகக் கொள்வதில்லை.

2010ஆம் ஆண்டில் பிள்ளையின் ஆய்வுக் கட்டுரைகள் அனைத்தும் தொகுக்கப்பட்டு இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றை இராமானுசன் கணிதக் கழகம் வெளியிட்டது. பதிப்பித்தவர்கள் ஆர். பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும். ஒரு வினாவின் ஆறாம் அடுக்கைத் தீர்த்தவரின் எழுத்துகளை, அதே வினாவின் நான்காம் அடுக்கைத் தீர்த்தவர் தொகுத்து அளித்தது பொருத்தமான கைம்மாறாகும்.

குற்றாலச் சாரலில் பிறந்தவரின் கணிப்பு விடைக்காகக் காத்திருக்கிறது. அதனைத் தீர்க்கப் பெருஞ்செல்வமோ பெருங்கருவியோ வேண்டுவதில்லை. எழுதுகோலும் தாளும், தோன்றியதை உண்மை என உடனே ஏற்காத உள்ளமும் போதும். வல்லத்துச் சிறுவனிடம் இருந்தவை இவையே. சாத்தான்குளத்துத் தேரியோரப் பள்ளியில் பயிலும் மாணவரிடமும் இவை இருக்கக்கூடும். அம்மாணவரைக் கண்டுணர ஓர் ஆசிரியரும் வாய்த்தால், நெல்லை மண் எண்ணுலகிற்கு மீண்டும் ஒரு விடையைத் தரும்.

கற்பவை கற்றபின்

1. 239 என்ற எண்ணை ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதிக் காட்டுக.
2. 79 என்ற எண்ணுக்குப் பத்தொன்பது நான்காம் அடுக்குகள் தேவைப்படுவதை, 703க்குக் காட்டிய முறையில் விளக்குக.
3. 2184 முதல் 2200 வரையுள்ள எண்களின் காரணிகளை அட்டவணைப்படுத்தி, பிள்ளையின் முடிவை வகுப்பில் விளக்குக.
4. பல முறை உண்மையாக இருப்பதும், நிரூபிக்கப்பட்டிருப்பதும் ஒன்றாகுமா? பாடப்பகுதியைக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.
5. மாணவரின் உயர்வுக்குத் துணைநின்ற ஆசிரியர் ஒருவரைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, வகுப்பில் பகிர்க.